சப்பாத்து சுருங்கவில்லை

என் கணவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். வாங்கிய சப்பாத்தெல்லாம் நாளடைவில் அவர் காலைக் கடித்தன. சேற்றில் நனைந்து சுருங்குகின்றன என்று லுக்குட் டவுன் சப்பாத்துக் கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன்.

“முன்ன எட்டு வாங்குனீங்க, அப்புறம் ஒம்போது, இப்ப பத்து கேக்குறீங்க. சப்பாத்து சுருங்கல லா அக்கா, அண்ணன் காலுதான் வளருது” என்றார் அவர்.

நாற்பத்தாறு வயதில் கால் வளருமா? கணவருடைய ஓயாத தலைவலியும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருத்துவமனைக்கு இழுத்துப் போனேன். மூளைக்கடியில் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் வளர்ச்சி ஹார்மோனை அளவுமீறிச் சுரக்கிறது, பார்வை நரம்பையும் நெருங்கிவிட்டது என்றார் டாக்டர். மூக்கு வழியாகவே அகற்றினார்கள்.

இப்போது மாதாமாதம் அந்தப் பத்தாம் நம்பரை மாட்டச் சொல்லி, முன்னால் குந்தி, முனையை அமுக்கி, கால் மறுபடி வளர்கிறதா என்று பார்க்கிறேன். “நீயும் கடை போட்டுட்டியா?” என்று சிரிக்கிறார். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.