பன்னிரண்டு நாள் கஞ்சித் தண்ணி

எனக்கு எழுபத்தாறு வயசு. ஆறு பெற்றேன், ஆறையும் வளர்த்தேன். ஒன்றுகூட என் கையில் தவறவில்லை. இதை நான் சொல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. அந்தப் பெருமையோடுதான் என் மகன் வயிற்றுப் பேத்திக்கும் வைத்தியம் பார்த்தேன்.

அவளுக்கு அப்போது நாலு வயசு. மகன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தான். வீட்டில் நான், மருமகள், குழந்தை, மூன்று பேர்தான். சம்பா அறுத்துக் கூடமெல்லாம் நெல் மூட்டை அடுக்கியிருந்த சமயம், குழந்தைக்கு மேலெல்லாம் மணல் மணலாகப் பொரிந்தது. ஆத்தா வந்துவிட்டாள் என்று வாசலில் வேப்பிலை செருகினேன். தாளிப்பு நின்றது. கறி, மீன், முட்டை எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. பால் கொடுத்தால் சளி கட்டும் என்று அதையும் நிறுத்தினேன். இளநீரும் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியும்தான். ஆத்தா இறங்கி, தலைக்கு மூன்றாம் தண்ணி ஊற்றும்வரை அப்படித்தான் இருக்க வேண்டும் என்றேன்.

"அத்தை, பசிக்குது பசிக்குதுன்னு அழுவுறா. ஒரு முட்டையாச்சும் அவிச்சுக் குடுக்கட்டுமா?"

"ஆத்தா குடியிருக்கிற வீட்டுல முட்டையா? ஆறு வளத்தவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சோ? நாலெழுத்துப் படிச்ச கொழுப்பு!"

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. நான் பேசிய பிறகு அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

பன்னிரண்டாம் நாள் குழந்தைக்கு மூச்சு வாங்கியது. விலா எலும்புக்கு நடுவில் குழி விழுந்தது. குத்தாலம் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உடனே தஞ்சாவூருக்குத் தூக்குங்கள் என்றார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மூக்கிலும் கையிலும் குழாய் வைத்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசு. காகிதத்தை வைத்துக்கொண்டு மருமகளிடம் கேட்டார், "அம்மா, இத்தனை நாளா குழந்தை என்ன சாப்பிட்டா?"

மருமகள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "மூணு வேளையும் நல்லாத்தான் சாப்பிட்டா டாக்டரம்மா. பால்சோறு, இட்லி, முட்டை. எங்க வீட்டுல யாரும் வயிறு காஞ்சு கிடந்ததில்ல."

மூட்டை மூட்டையாக நெல்லை வைத்துக்கொண்டு, பேத்திக்குக் கஞ்சித் தண்ணி கொடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வேன்? மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

மூக்குக் குழாய் வழியாகப் பால்மாவு கரைத்து ஊற்றினார்கள். மூன்று மணிக்கொரு தரம், வேளைக்கு வேளை அளவைக் கூட்டினார்கள். எனக்குச் சந்தோஷம். இனிமேல் தேறிவிடுவாள் என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் டாக்டரம்மா வேகமாக வந்தார். "ரத்தத்துல உப்பெல்லாம் இறங்கிப் போச்சு. இதயம் தடுமாறுது. பட்டினி கிடந்த உடம்புக்குத்தான் இப்படி ஆகும். உண்மையச் சொல்லுங்க."

மருமகள்தான் சொன்னாள், "பன்னெண்டு நாளா கஞ்சித் தண்ணிதாங்க."

"நேத்தே ஏன் சொல்லல? பட்டினி கிடந்தப்போ அந்த உடம்பு தன் சதையையே தின்னு உயிர் வச்சிருக்கு. அதுக்கு ஒரேயடியா ஊட்டினா, ரத்தத்துல இருக்கிற உப்பை உடம்பு உள்ள இழுத்துக்கும். தெரிஞ்சிருந்தா கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிச்சிருப்போமே. பெத்தவங்க நீங்க மறைக்கலாமா?"

"தப்புதாங்க," என்றாள் மருமகள். அத்தைதான் அப்படிச் சொன்னார்கள் என்று சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வெடித்துக் கிடக்கிற வயலுக்கு முதல் தண்ணி வரும்போது மடையை முழுசாகத் திறக்க மாட்டோம். கரை கொள்ளாது, உடைத்துக்கொண்டு போய்விடும். ஒரு மண்வெட்டி அகலம் திறந்துவிட்டு நிற்போம். வயலுக்கு அது தெரிந்தவள்தான் நான்.

பாலைக் குறைத்தார்கள், ஊசியில் உப்பு ஏற்றினார்கள். குழந்தை ஒருமுறை கண் திறந்து "அப்பாயி, சோறு" என்றாள். அது எனக்குக் கேட்டது, மருமகளுக்கும் கேட்டது. நாலாம் நாள் போய்விட்டாள். நெஞ்சுச் சளியும் சேர்ந்துதான் கொண்டுபோனது, எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச காலம் ஓட்டினேன்.

காரியத்தன்று என் மூத்த மகள் எல்லார் முன்னாலும் மருமகளைக் கேட்டாள்: "எங்கம்மா ஆறு வளத்தாங்க. உனக்கு ஒண்ணுக்குச் சோறு போடத் தெரியல. ஆஸ்பத்திரியில வேற மறைச்சிருக்க." கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை வந்திருக்கலாம். வரவில்லை. ஊர் முழுக்க அந்தப் பேச்சுத்தான் நின்றது.

இன்றுவரை மருமகள்தான் எனக்குச் சோறு போடுகிறாள். சூடாக, குழைவாக, பல்லில்லாத வாய்க்குத் தோதாக. ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நேற்றுப் பொங்கலுக்கு வந்த மகள் மறுபடியும் ஆரம்பித்தாள். பேத்தி போன பிறகு மருமகளுக்குப் பிறந்த பையனுக்கு இப்போது ஒன்பது வயசு. அவன் எலும்பும் தோலுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "இவனையாவது பட்டினி போடாம வளத்துவிடு," என்று சிரித்தாள். மருமகள் கரண்டியோடு உள்ளே போய்விட்டாள். பையன் என்னிடம் வந்து, "அம்மா யாரைப் பட்டினி போட்டாங்க?" என்று கேட்டான்.

வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எனக்குத் தோதாகத் திருப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் அவன் நோட்டிலேயே, எழுத்துக் கூட்டிக் கூட்டி, காலையிலிருந்து எழுதினேன்.

இந்தா அய்யா, பிடி. உன் அத்தை இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை, கூடத்துக்குக் கூப்பிடு. அடுப்பை அணைத்துவிட்டு உங்கம்மாவையும் வரச் சொல். எழுத்துத் தப்பாக இருந்தால் திருத்திப் படி, ஆனால் ஒரு வரியையும் விடாதே. முதலிலிருந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படி.