ஒரே மண்டபத்துக்கு இரண்டு ரசீது

போன மாதம் கிளாம்பாக்கத்தில், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் ஒரு தனியார் பேருந்தில் ஏறினேன். என் ஜன்னலோர இருக்கையில் ஓர் அம்மாள் மடியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். செல்பேசியில் இருந்த டிக்கெட்டைக் காட்டினேன். அவரும் காட்டினார். இரண்டிலும் அதே இருக்கை எண்.

“மெஷினு தப்பு பண்ணா நா இன்னா பண்றது? அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க” என்று சொல்லிவிட்டு நடத்துனர் டீ குடிக்க இறங்கிவிட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்ததோ வெட்கம். காது மடல் சுடுகிற வெட்கம். பேசாமல் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். கூடையில் இருந்த சாமந்தி வாசனை அங்கேயும் வந்தது. சாமந்தி என்றால் எனக்குக் கல்யாண மண்டபம்தான். மண்டபம் என்றால் அந்த நாள்தான்.

அப்போது செஞ்சியில், திண்டிவனம் சாலையில், ஒரு பூச்சிமருந்துக் கடையின் மாடியில் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி இருந்தது. கம்பெனி என்று சொல்ல இப்போதும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. முதலாளி முருகவேல் அண்ணன், சோதனை பார்க்கும் பரிமளா, ப்ரோக்ராம் எழுதித் தள்ளும் நான், அவ்வளவுதான். பெங்களூரில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, “நம்மூர்லயே இருந்து செய்வோம்டா” என்று திரும்பி வந்தவர் அண்ணன். கீழே மருந்து மூட்டை இறக்கினால் மாடியில் எங்களுக்குத் தலைவலி வரும். வீட்டுக்குப் போனால் நைனா, “ப்ரோக்ராம் எழுதுனியா, வயலுக்கு மருந்தடிச்சியா?” என்பார். சட்டையில் அப்படி ஒரு நாற்றம்.

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை ஒரு கல்யாண மண்டபத்தின் முன்பதிவு. மண்டபக்காரருக்குச் செஞ்சியில் ஒரு கவுன்டர், அவலூர்பேட்டையில் இன்னொன்று. இரண்டு இடத்திலும் பதிவு நடக்க வேண்டும், ரசீது வர வேண்டும், தை மாதத்துக்குள் முடிய வேண்டும். இரவு பகலாக எழுதினேன். மூன்று பேரும் சேர்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பரிமளா கேட்டாள்:

“ரெண்டு கவுன்டர்லயும் ஒரே நேரத்துல ஒரே தேதிய அமுத்துனா இன்னா ஆவும்ணே?”

“செஞ்சியில எந்தக் காலத்துல ரெண்டு பேரு ஒரே நேரத்துல ஒரு வேலய செஞ்சிருக்காங்க?” என்றார் அண்ணன்.

எல்லாரும் சிரித்தோம். கேட்ட அவளும் சிரித்தாள். அந்தச் சோதனை நடக்கவே இல்லை.

அதே வருடம் என் பெரியப்பா மகள் கலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெரியப்பாவுக்கு அவலூர்பேட்டையில் நிலபுலன், நாலு பேர் மதிக்கிற குடும்பம். “எந்தம்பி மவன் செஞ்ச கம்ப்யூட்டர்லயே புக் பண்ணியாச்சு” என்று பெரியப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்கும் கால் தரையில் இல்லை. பத்திரிகை கொடுக்கப் போன வீடுகளில் கல்யாணத்தைவிட என்னைப் பற்றித்தான் அதிகம் பேசினார் என்று அம்மா சொன்னாள்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மத்தியானம் மண்டபக்காரரிடமிருந்து அண்ணனுக்குப் போன் வந்தது. மூவரும் ஓடினோம். மண்டப வாசலில் இரண்டு வேன்கள் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. ஒன்றில் எங்கள் பெரியப்பா வீட்டு அண்டாக்கள், வாழைத்தார், உறவுக்கூட்டம். இன்னொன்றில் பனமலைப் பக்கத்து ஆசிரியர் ஒருவரின் மகள் கல்யாணத்துக்கு வந்தவர்கள். இரண்டு மணப்பெண்களும் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு தகப்பன்மார் கையிலும் எங்கள் ரசீது.

பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கவுன்டரிலும் ஒரே நேரத்தில் தேதி காலியாகத் தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் அமுக்கியிருக்கிறார்கள். ஆசிரியரின் பதிவு முதலில் ஏறியிருக்கிறது. அடுத்து வந்த பெரியப்பாவின் பதிவு அதை அழித்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

திரையில் பெரியப்பா பெயர் மட்டும்தான் இருந்தது. மண்டபக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார்.

“சார், கம்ப்யூட்டர்ல உங்க பேரே இல்ல. பெரிய மனசு பண்ணி உங்க பக்கத்துலயே பந்தல் போட்டுக்குங்க” என்றார் ஆசிரியரிடம். ‘உங்க பக்கம்’ என்று அவர் சொன்ன விதம் அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது. புரியாத மாதிரி நின்றார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். பெரியப்பா தொடர்ந்தார்: “அவங்களுக்குக் காலனியில சமுதாயக் கூடம் இருக்குதே. அங்க வச்சிக்கிட்டா இன்னா?”

நான் தோளில் ஏறி விளையாடிய பெரியப்பா. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் என்னைத் தொலைத்துவிடாமல் இடுப்பு வேட்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தவர். அவர் வாயிலிருந்து அது வந்தபோது நான் தரையைப் பார்த்தேன்.

ஆசிரியர் கத்தவில்லை. ஆனால் நகரவும் இல்லை. “நா மொறையா புக் பண்ணேன். ரசீது இருக்குது. எம்பொண்ணு கல்யாணம் இங்கதான் நடக்கும்” என்றார். சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

பெரியப்பா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். “இத எழுதுனவனே நம்ம புள்ளதான். அவனே சொல்லட்டும், யாரு மொதல்லன்னு. சொல்றா.”

முருகவேல் அண்ணன் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார். பெரியப்பா அவரைப் பேச விடவில்லை. “நீ இரு தம்பி. அவன் சொல்வான்.”

இரண்டு ரசீதிலும் இருந்த எண்களைப் பார்த்தேன். பிறகு என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

“சார்தான் பெரியப்பா மொதல்ல. அவரு ரசீது நம்பர் நம்மளுக்கு முன்னாடி. அவரு பேர அழிச்சது எங்க ப்ரோக்ராம்.”

யாரோ ஒரு சித்தி, “சொந்த ரத்தமாடா நீ?” என்றாள். பெரியப்பா என் தோளிலிருந்து கையை எடுத்தார். வேன் பக்கம் திரும்பி, “வண்டிய எடு” என்றார்.

கலாவின் கல்யாணம் அவலூர்பேட்டையில் பெரியப்பாவின் களத்துமேட்டில் நடந்தது. முந்தைய நாள் சாயந்திரத்துக்குள் பந்தல்காரர், பாத்திரக்காரர், சீரியல் லைட்டுக்காரர் என்று அலைந்து ஒரு வழியாக ஒப்பேற்றினோம். அண்ணனும் பரிமளாவும் மண்டபத்தில் ஆசிரியர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் நின்றார்கள். நான் களத்தில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி பரிமாறினேன். பெரியப்பா இலையருகே போனபோது அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பாதிச் சோறு இருந்த இலையை மடக்கிவிட்டு எழுந்தார். பந்தியே பார்த்தது. வாளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

கல்யாணத்தன்று சாயந்திரம் மாலையும் கழுத்துமாகக் கலா என்னைக் கூப்பிட்டாள். “நீ சொன்னது சரிதான்டா. ஆனா அத எங்கல்யாணத்துலதான் சொல்லணுமா?” என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

பெரியப்பா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பொங்கலுக்குப் போனால் எழுந்து கொல்லைப்பக்கம் போவார். அவர் செத்தபோது கொள்ளிக்குடத்துக்குப் பின்னால் நடந்தேன். அப்போதும் அந்த மண்டப வாசலில் நிற்பதுபோலத்தான் இருந்தது. சரியானதைச் சொன்னவனுக்கு ஏன் இத்தனை வெட்கம் என்று கேட்பீர்கள். என் எழுத்துக்காக ஒரு பங்கு, என் சொந்தக்காரர்கள் பேசிய பேச்சுக்காக ஒரு பங்கு. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இன்றுவரை எனக்கு வரவில்லை.

சில வருடங்களுக்கு முன் செஞ்சிப் பேருந்து நிலையத்தில் அந்த ஆசிரியரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றிருந்தார். கையில் பேத்தி. ஒளிந்துகொள்ளலாமா என்று நினைப்பதற்குள் அவரே என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

“ஆபீஸு இருக்குதாப்பா?”

“மூடியாச்சு சார். நா இப்ப சென்னையில ஒரு பெரிய கம்பெனில இருக்கன்.”

“அந்தத் தப்ப சரி பண்ணிட்டுதான மூடுனீங்க?”

“பண்ணிட்டோம் சார்” என்றேன்.

உண்மைதான். கல்யாணம் முடிந்த வாரமே உட்கார்ந்து சரி செய்தோம். ஒருவர் ஒரு தேதியைத் தொட்டால் மற்றவருக்கு அது பூட்டிக்கொள்ளும். பரிமளா இரண்டு கணினியை வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். ஒருமுறைகூடத் தவறவில்லை. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு மண்டபக்காரரிடம் போனார். அவர் அதைத் திறந்து காட்டவே விடவில்லை. சுவரில் ஒரு காலண்டரை மாட்டி, தேதியைப் பேனாவால் சுழித்துப் பதிவு செய்ய ஆரம்பித்துவிட்டிருந்தார்.

ஆசிரியரிடம் அதைச் சொல்லவில்லை. அவர் தலையசைத்துவிட்டுப் பேத்தியோடு விழுப்புரம் பஸ்ஸில் ஏறிப் போனார். நான் எழுதியதிலேயே பிழையில்லாதது அது ஒன்றுதான். அதை ஒரு குடும்பம்கூடப் பயன்படுத்தவில்லை. மாடி அறையைக் காலி செய்தபோது, அது இருந்த கணினியைப் பழைய சாமான்காரருக்கு எடைக்குப் போட்டோம்.