ஐந்து முதலாளிகள் சேர்ந்து பார்த்த வைத்தியம்

விசைத்தறியில் நூல் தீர்ந்தால், நாடாவின் (குறுக்கு நூலை ஏந்திப் பாயும் கட்டையின்) கண் வழியே புது நூலின் நுனியை வாயால் உறிஞ்சி இழுப்போம். அன்று நான் இழுத்த வெள்ளை நூல் சிவந்து வந்தது. பல் ஈறிலிருந்து வந்த ரத்தமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதமாக விடாத இருமலை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

காரணம் உண்டு. அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் ஐந்து சின்னத் தறிக்கூடங்கள். ஆட்களின் வைத்தியச் செலவை ஒருவரால் தனியாகத் தாங்க முடியாது என்று, ஐந்து முதலாளிகளும் சேர்ந்து ஒரு டாக்டரைப் பேசி வைத்தார்கள். எங்கள் வாரக் கூலியிலும் கொஞ்சம் பிடித்தார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது. நோயாளி யாரென்று டாக்டர் மூலம் தெரிந்துகொண்டு கழித்துவிடத்தான் இந்த ஏற்பாடு என்று உறுதியாக நம்பினேன்.

அதனால் யாருக்கும் தெரியாமல் மதுரைக்கு பஸ் ஏறினேன். எக்ஸ்ரே பார்த்தார்கள். காசநோய் (நுரையீரலைக் கிருமி அரிக்கும் நோய்).

"ஒன்றரை வருஷம் ஊசி, மாத்திரை. நடுவில விட்டா அப்புறம் மருந்து கேக்காது" என்றார் மதுரை டாக்டர்.

அவ்வளவு காலம் மருந்து வாங்க எனக்கு வழியில்லை. என் மனைவி பேச்சியம்மாள்தான் பொறுக்க முடியாமல் கத்தினாள்: "மொதலாளிகிட்டச் சொல்லித் தொலைங்க. செத்த பெறகு எந்தத் தறிய ஓட்டப் போறீக?"

போய்ச் சொன்னேன். "நம்ம டாக்டரப் பாரு. செலவு பொதுப் பணத்துல வரும். ஒன் தறி ஒனக்குத்தான்" என்றார் எங்கள் கூடத்து முதலாளி. அந்த இனிப்பான பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

"எதுக்கு இம்புட்டுச் செய்றீக?" என்று கேட்டே விட்டேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தொழில் தெரிஞ்சவன் பூரா பெரிய மில்லுக்குப் போறான். அங்க வைத்தியம் இருக்கு. இங்கயும் ஒண்ணு இல்லைன்னா நான் தறிய வித்துட்டு உக்காரணும். போதுமா?"

போதும். அவர் சொன்னதில் நான் நம்பிய முதல் வார்த்தை அதுதான். அன்றைக்கே ஐவரும் பேசி வைத்த டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு, அவர் சொன்னபடி வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன்.

இதே மருந்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசின் (கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) எனக்குக் காதில் இரைச்சலைக் கொடுத்தது. படுத்தால் தறிச் சத்தம். என் தறியில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்களோ என்று பேச்சியம்மாளை அனுப்பிப் பார்த்துவரச் சொல்வேன். "ஒங்க ஷிப்டுல சும்மாதான் கெடக்கு" என்று அலுப்போடு வந்து சொல்வாள்.

அடுத்த ஷிப்டில் அதே நாடாவில் வாய் வைத்தவன் சுப்பையா. அவனிடமிருந்துதான் எனக்கு ஒட்டியது என்று கறுவிக்கொண்டே இருந்தேன். டாக்டர் அவனையும் சோதித்தார். அவனுக்கு ஒன்றுமில்லை. நோய் என்னிடம்தான் இருந்திருக்கிறது.

சளியில் கிருமி இல்லை என்றான பிறகு வேலைக்குத் திரும்பினேன். என் தறி அங்கேயே இருந்தது. நூல் இழுக்க ஆளுக்கொரு கொக்கிக் கம்பி கொடுத்திருந்தார்கள். ஆனாலும் பழக்கத்தில் நாடாவை வாய்க்குக் கொண்டுபோனேன்.

"ஏலே, கம்பி இருக்குலே" என்றான், ஷிப்டு மாற வந்து நின்ற சுப்பையா. அவன் முகத்தில் பயம் இருந்தது. எனக்கு வலித்தது; கோபப்பட முடியவில்லை.

இப்போது முதலாளி மேல் எனக்குச் சந்தேகமில்லை, சுப்பையா மேலும் இல்லை. என் நெஞ்சின் மேல்தான். காலையில் இருமல் வந்தால் துண்டை விரித்துப் பார்க்கிறேன். வெள்ளையாக இருந்தால், இன்றைக்கு ஒரு நாள் கிடைத்தது என்று தறிக்குப் போகிறேன்.