ஞாயிற்றுக்கிழமை அளந்த வேகம்

எங்கள் கம்ப்யூட்டர் அறைக் கதவில் மேலாளர் ஓர் அட்டையை ஒட்டி வைத்திருந்தார்: 'வேலை நேரத்தில் மிஷினை அளக்கக் கூடாது.' எண்பதுகளின் கடைசி. அரியலூருக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஆலை. நான் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் புரோகிராமர். அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சுண்ணாம்புக்கல் லாரி வாசலுக்கு வந்ததும் டேட்டாபேஸ் அதன் பதிவைத் தேடித் தந்தால்தான் நுழைவுச் சீட்டு அச்சாகும். தேட இரண்டு வழி: எல்லாப் பதிவுகளையும் வரிசையாகப் படிப்பது, அல்லது எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் இண்டெக்ஸ் பட்டியலைப் பார்த்து வேண்டிய பதிவுக்கு நேராகப் போவது. எது சீக்கிரம் முடியும் என்பதை, நாங்கள் அளந்து கொடுத்த டிஸ்க் வேகத்தை வைத்து அது தீர்மானிக்கும். இன்று மிஷின்களே இதில் பாதியைப் பார்த்துக்கொள்கின்றன. அன்று நாங்கள்தான் அளக்க வேண்டும். மேலாளரோ ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அளக்க விடுவார். ஆளில்லாத அன்று டிஸ்க் கேட்டதும் கொடுக்கும். அந்த வேகத்தை நம்பி டேட்டாபேஸ் எல்லாப் பதிவுகளையும் வரிசையாகப் படிக்கக் கிளம்பும். திங்கட்கிழமை எல்லாப் பிரிவும் அதே டிஸ்க்கில் மோத, லாரிகள் வாசலில் காய்ந்து கிடக்கும்.

"கூட்டமா இருக்கறப்ப அளந்தாத்தான் சார் அதுக்கு நெலவரம் தெரியும்" என்பேன்.

"அளக்கறதே ஒரு சுமைம்மா. இருக்கற வேகமும் போயிடும்" என்பார். எத்தனை முறை கேட்டாலும் இதே பதில்.

ஒரு திங்கட்கிழமை வரதராஜன்பேட்டையில் அவருடைய அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் போகாமல் அங்கே எதுவும் நடக்காது. அவரை அழைத்துப் போக ஆலைக்குள் வந்த வாடகைக் கார் வெளியேற முடியவில்லை. வாசலை அடைத்து லாரிகள். விக்கிரமங்கலத்து டிரைவர் ஒருவர் இறங்கி வந்து, "சீட்டு வராம ஒரு அடி நகர மாட்டோங்க" என்று சொல்லிவிட்டார்.

பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி மேலாளர் என்னிடம் ஓடி வந்தார். "என்னமோ பண்ணும்மா!"

"அளக்கட்டுமா சார்?"

"அளந்து தொலை!"

அளந்து முடியும்வரை மிஷின் இன்னும் மந்தமானது. ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. அவர் என்னை முறைத்துக்கொண்டே நின்றார். முடிந்ததும் டேட்டாபேஸ் இண்டெக்ஸ் வழிக்கு மாறியது. சீட்டுகள் மளமளவென வந்தன. வாசல் திறந்தது, கார் போனது. அவருக்காகக் காத்திருந்து தட்டு மாற்றினார்களாம்.

மறுநாள் அட்டையைக் கிழித்தார். இனி திங்கட்கிழமைதோறும் தவறாமல் அளக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று நிம்மதியடைந்தேன்.

அடுத்த மாட்டுப் பொங்கல் திங்கட்கிழமையில் வந்தது. ஆபீஸ், லாரி வாசல் எல்லாம் மூடல். விடுமுறை முடிந்து திரும்பினால், லாரி வரிசை ரோடு வரைக்கும் நின்றது.

"சார், யாராவது அளந்தாங்களா?"

"நான்தாம்மா! நல்ல நாளும் அதுவுமா வூட்டுல சண்டை போட்டுட்டு வந்து அளந்தேன். நம்ம மிஷின் இவ்ளோ வேகம்னு எனக்கே அன்னிக்குத்தாம்மா தெரிஞ்சுது" என்றார், பெருமையாக.