கம்மான் பேபி காசிமாயன்

எண்பத்திரண்டில் போடியில் ஒரு பாப் குழு இருந்தது என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. அதில் நான் பாங்கோஸ் அடித்தேன் என்றால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. குழுவின் பெயர் 'ஹில் டாப் ஹீரோஸ்'. நாலு பேருமே அடிவாரத்துக்காரர்கள்தான். பாடகன், இசையமைப்பாளன், தலைவன் எல்லாம் காசிமாயன். மற்ற நேரத்தில் எஸ்டேட்டுக்கு ஜீப்பு ஓட்டுவான். மதுரையில் பெல்பாட்டம் செத்து மூன்று வருடம் கழித்து அவன் ஒன்று தைத்துக்கொண்டான். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் அது மாட்டிக்கொள்ளும்.

போன வாரம் எங்கள் பழைய கேசட் கிடைத்தது. ஆறு பாட்டு. கேட்டு முடித்ததும், ஊர் எங்களை அன்றைக்கே அடிக்காமல் விட்டது ஆச்சரியமாக இருந்தது. 'லவ்வு லவ்வு மேட்டு லவ்வு' என்று ஒன்று. எழுதிய காசிமாயனுக்கே அர்த்தம் தெரியாது. கிதார் வாசித்த சோலைக்கு ஒரே ஒரு ராகம்தான் தெரியும், அதையும் பாட்டு முடிந்த பிறகுதான் வாசிப்பான். இதற்கு விசிலடித்தார்கள். அன்றைக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை, பாவம்.

எங்கள் சூப்பர் ஹிட்டு, 'கம்மான் பேபி கம்மான், கன்னம் ரெண்டும் ஜம்மான்'. அது பிறந்த கதை எனக்குத் தெரியும். ஒருநாள் காலையில் மேலே எஸ்டேட்டிலிருந்து பத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து, சிலமலை கிராமத்தில் ஒரு கேத வீட்டு வாசலில் இறக்கிவிட்டிருக்கிறான். மலை இறங்கும் வரை பின்சீட்டில் ஒப்பாரி. சாயங்காலம் என்னைத் தேடி வந்தான்.

"மாப்ளே, அருமையான டியூனு சிக்கிருக்கு. வெரசாத் தட்டுனா டிஸ்கோ."

"செத்தது யாருடா?"

"அதெல்லாம் எதுக்குக் கேக்கணும்? என் சோலி வண்டி ஓட்டுறது."

இப்படியும் ஒரு மனுசன். நானும் யோக்கியன் இல்லை. தாளம் பொருந்தியதும் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து, அதே சிலமலையில் சந்திரவல்லி என்ற பெண்ணைப் பார்த்துக் கிறங்கிப்போனான். முப்பது வயதுவரை எந்தப் பெண்ணும் ஆகாது என்றவன், இவள் கிடைக்காவிட்டால் சாமியாராகப் போகிறேன் என்றான். அவளுக்கும் இவனைப் பிடித்திருந்தது. அவள் ரசனையைப் பற்றி நான் சொல்வதற்கில்லை. தகப்பன் இல்லாத பெண். பரிசம் போட நாள் குறித்தார்கள். அங்கே தானே பாடுவேன் என்று அடம்பிடித்தான்.

"மாப்பிள்ளையே மைக்கப் புடிக்கிறது மொறையாடா?" என்றாள் அவன் ஆத்தா.

"ஆர்ட்டிஸ்ட்டுக்கு ஏது ஆத்தா மொறை?"

பந்தலில் 'கம்மான் பேபி'யை எடுத்தான். இரண்டாவது வரியிலேயே கரண்டு போனது. மைக்கும் இல்லை, கிதாரும் இல்லை. என்னையும் கையைக் காட்டி நிறுத்திவிட்டான். உருக்கமாகப் பாடுகிறானாம். கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, இழுத்து இழுத்துப் பாடினான். பிறகு சந்திரவல்லியின் அத்தை சுருளியம்மாள், எஸ்டேட்டிலிருந்து வந்திருந்தவள், "என் கூடப்பொறந்த அண்ணே" என்று அவன் ராகத்திலேயே எடுத்தாள். நாலு பெண்கள் அவள் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். காசிமாயன் கண்ணைத் திறக்கவில்லை. சபையை அழவைத்துவிட்டோம் என்ற பூரிப்பில் இன்னும் ஏற்றிப் பாடினான்.

சந்திரவல்லி வெளியே வந்தாள். "எங்கய்யா சாவுக்கு அத்த கட்டிப் பாடுனது இது. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நாந்தானே ஜீப்புல கூட்டியாந்தேன்" என்றான், பெருமையாக.

அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். மறுநாள் ஆள் அனுப்பினாள். இனி பாடுவதில்லை என்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. என்னைக் கேட்டால் ஊருக்கே நல்லது செய்யப் பார்த்தாள். காசிமாயன் எட்டு நாள் யோசித்தான். பாட்டை விட்டுவிட்டேன் என்று சொல்ல ஒன்பதாம் நாள் போனபோது, தேவாரம் ஊர் மாப்பிள்ளை வீட்டோடு வெற்றிலை மாற்றியிருந்தார்கள். "யோசிக்க எட்டு நாளா?" என்று மட்டும் கேட்டாளாம். மடையன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அடுத்த மாதம் ராசிங்காபுரத்தில் திருவிழாக் கச்சேரி. கூட்டம் 'கம்மான் பேபி' கேட்டது. கரண்டு இருந்தது, கிதார் இருந்தது. ஆனாலும் எங்களை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாக, பரிசப் பந்தலில் பாடிய மாதிரியே மெதுவாக இழுத்து ஆரம்பித்தான். வார்த்தை எல்லாம் அதே குப்பைதான். ஆனால் அன்றைக்குத்தான் அது பாட்டாக இருந்தது. கூட்டம், "வேகமாப் பாடுறா, கேதத்துக்கா வந்துருக்கோம்?" என்று மண்ணை வாரி எறிந்தது.