மூன்றாவதாக வந்தவள்

வேங்கிக்காலில் நடந்த பெண்கள் ஓட்டப் போட்டியில் நான் மூன்றாவதாக வந்தேன். அந்தப் பதக்கத்தைப் பற்றி யாராவது கேட்டால் இன்றும் பேச்சை மாற்றிவிடுவேன்.

என்னை ஓட்டத்துக்கு இழுத்துவந்தவள் எதிர்வீட்டுக்காரி. அவள் வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் பாத்திரக் கடை. சர்க்கரை இருக்கிறது, தினமும் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதால் கிரிவலப் பாதையில் நடக்கத் தொடங்கியவள், ஒரு வருஷத்துக்குள் ஓடவே ஆரம்பித்துவிட்டாள். முழுக்கைச் சட்டையும் தலையில் இறுக்கிக் கட்டிய துணியுமாக அவள் ஓடுவதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் கடைக்கே வந்து குறை சொன்னார்கள். அவள் நிறுத்தவில்லை. என் அலுவலகத்திலும், நாற்பது வயதுக்கு மேல் இதெல்லாம் தேவையா என்று சிரித்தார்கள். விடியற்காலையில் அவள் வந்து கதவைத் தட்டியிராவிட்டால் நான் ஒரே வாரத்தில் விட்டிருப்பேன்.

போட்டி இருபத்தொரு கிலோமீட்டர். வேங்கிக்காலில் கிளம்பி, மலையைச் சுற்றி, மறுபடி வேங்கிக்கால். நாங்கள் இருவரும் சேர்ந்தேதான் ஓடினோம். கிரிவலப் பாதையில் நிருதி லிங்கக் கோயிலுக்குப் பக்கத்தில் எனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் மண்டியிட்டு என் கால்விரலைப் பிடித்து மடக்கி, வலி அடங்கும்வரை கெண்டைக்காலை நீவிவிட்டாள். எங்களைத் தாண்டி ஏழெட்டுப் பேர் போனார்கள். ஓடும்போது சர்க்கரை திடீரென்று இறங்கினால் குடிக்க அவள் தனக்கென்று எடுத்துவந்திருந்த குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து எனக்குக் கொடுத்தாள். அது அவளுக்கு எதற்கு என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் முழுவதையும் குடித்தேன்.

அதன் பிறகு என் கால்கள் நன்றாக ஓடின. ஒவ்வொருவராகத் தாண்டினோம். முன்னால் இரண்டே பேர்தான் இருக்கிறார்கள் என்று தண்ணீர் கொடுத்த பெண் சொன்னபோது எனக்குள் ஏதோ ஏறிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில்கூட நான் எதிலும் பரிசு வாங்கியதில்லை.

குபேர லிங்கம் தாண்டியதும் அவள் வேகம் கம்மியானது. முகம் வெளுத்து வியர்வை கொட்டியது. பாதையோரக் கட்டையைப் பிடித்து உட்கார்ந்தாள். நான் நான்கடி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னை நோக்கிக் கையை நீட்டினாள்.

பின்னால் இன்னொருத்தி வரும் காலடிச் சத்தம் கேட்டது. யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன்.

கொஞ்ச தூரத்தில் அந்தக் காலடிச் சத்தம் நின்றுபோனது. பின்னால் வந்தவளை ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். இதை எழுதும்போது இப்போதும் உடம்பு கூசுகிறது.

பதக்கம் போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். யாரிடம் பயிற்சி எடுத்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். நானாகத்தான் ஓடிப் பழகினேன் என்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்து இரண்டு பெண்கள் நடந்து வந்தார்கள். ஒருத்தி என் எதிர்வீட்டுக்காரி. அவளை இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தவள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த இளம்பெண், வயல் வேலைக்குப் போகிறவள். என் பின்னால் ஓடிவந்தவள் அவள்தான். இடுப்புப் பையில் வைத்திருந்த கடலை மிட்டாயை ஊட்டி, தெளிந்ததும் வண்டி கூப்பிட்டிருக்கிறாள். எதிர்வீட்டுக்காரி ஏற மறுத்திருக்கிறாள். கிளம்பிய இடத்துக்கு என் காலால்தான் போவேன் என்றாளாம். அதனால் அந்தப் பெண்ணும் கூடவே நடந்திருக்கிறாள்.

நான் பதக்கத்தைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் நீட்டினேன்.

"இது உனக்கு வரவேண்டியதும்மா."

"ஐயோ, வேணாங்க்கா. ஓடி வந்தது நீங்கதானே" என்றாள். குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள்.

எதிர்வீட்டுக்காரி நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நான் கை நீட்டுனேன், நீங்க பாக்கலையாக்கா?"

"பாக்கலையே" என்றேன்.

அவள் தலையாட்டினாள். மூன்றாவதாக வந்ததற்குச் சந்தோஷம் என்றாள்.

மறுநாளும் கதவைத் தட்டினாள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. கால்வலி, அலுவலக வேலை என்று ஏதேதோ சொல்லி இரண்டு மாதம் தட்டிக்கழித்தேன். கடைசியில் ஒருநாள் நானே போய் அவள் வீட்டு வாசலில் நின்றேன்.

"அன்னைக்கு நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் ஓடுனேன்."

அவள் ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும்க்கா. என் கண்ணைப் பாத்துட்டுத்தானே திரும்புனீங்க. நீங்களே சொல்லட்டும்னுதான் இருந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. எழுந்து, வாங்க போலாம் என்று மட்டும் சொன்னாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ்பென்னாத்தூர்ப் பெண்ணும் எங்களோடு ஓட முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறாள். அவர்கள் இருவரும் அடுத்து நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்குப் பேர் கொடுத்திருக்கிறார்கள். என்னையும் கொடுக்கச் சொன்னார்கள். நான் இன்னும் கொடுக்கவில்லை.