ஹீட்டருக்குப் பக்கத்தில் மட்டும் வேலை செய்த பிஸ்டல்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்: நான் ஒரு மடையன். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, சாட்சிகள் இருக்கிறார்கள். ஒருவர் என் மனைவி. மற்றவர் த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் குடியிருந்த ஒரு சென்னைக்காரர். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு குளிர்காலத்தில் பாதிக்கு மேல், ஒரு தவறும் செய்யாத அந்த மனிதரைக் களவாணியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் அவருடைய காரிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு.

அப்போது நாங்கள் கிளென் ஈடனில் இருந்தோம்; பூமியின் தென்பாதி, மே மாதத்தில் குளிர்காலம் தொடங்குகிற இடம். வார நாட்களில் எனக்கு ஓர் அச்சகத்தில் வேலை. சனிக்கிழமை காலைகளில் ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த பிஸ்டல் கிளப். அங்கே குறிபார்த்து அட்டையில் ஓட்டை போடுவது என் பொழுதுபோக்கு. நான் அதில் சேர்ந்ததை மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்த மனுசன், இஞ்ச காசு குடுத்துச் சுடப் போறாராம். ஆரிட்டையும் சொல்லிப் பாருங்கோ, சிரிப்பினம்."

சொல்லிப் பார்த்தேன். தேவாலயத்தில் யாரும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவர் அடுத்த ஞாயிறு இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

என் பிஸ்டல் சின்னது, செமி ஆட்டோமேட்டிக். ஒரு தோட்டா வெடித்ததும் மேலே இருக்கிற ஸ்லைடு பின்னுக்குப் பாய்ந்து வெறும் கோதை வெளியே எறிய வேண்டும். திரும்பி வரும்போது, தோட்டாக்களை அடுக்கி வைக்கிற மகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய் உள்ளே வைக்க வேண்டும். கோடை முழுவதும் இதையெல்லாம் முணுமுணுக்காமல் செய்தது. மே மாதம் பிறந்ததும் அதற்கு ஏதோ பிடித்துவிட்டது. கோது பாதி வெளியே வந்து, ஸ்லைடின் வாயில் புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நிற்கும். இல்லாவிட்டால் அடுத்த தோட்டா மேலே வராமல், லீவு போட்ட ஆள்போல மகசினுக்குள்ளேயே படுத்திருக்கும்.

அதே மே மாதத்தில்தான் சென்னைக்காரர் கிளப்பில் சேர்ந்தார்.

கம்ப்யூட்டர் வேலைக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், வார்த்தைக்கு வார்த்தை 'அண்ணா' என்பார். புதியவர்கள் ஆறு மாதம் கிளப்பின் பிஸ்டலில்தான் பழக வேண்டும். அதன் பிறகு கிளப் சிபாரிசு செய்தால்தான் சொந்தமாக ஒன்று வைத்திருக்கப் போலீசில் அனுமதி கேட்கலாம். "நவம்பர் வரட்டும் அண்ணா, அப்புறம் பாருங்க" என்று பள்ளி விடுமுறைக்குக் காத்திருக்கும் பிள்ளைபோல நாள் எண்ணிக்கொண்டிருந்தார். போகிற வழியில் கிளென் ஈடனுக்கு வந்து என்னையும் ஏற்றிக்கொள்வார். என் பிஸ்டல் பெட்டியைத் தாமே வாங்கி டிக்கியில் வைத்து, தாமே பூட்டி, டிக்கிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். என்ன மரியாதை என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் கிளப்பின் பழைய பிஸ்டலை வைத்துக்கொண்டே என்னைவிடக் கூடுதல் புள்ளி எடுத்தார். அன்றிலிருந்து அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

பிஸ்டலைத் திருத்த நான் செய்யாத வைத்தியம் இல்லை. மகசினுக்குப் புது ஸ்பிரிங் போட்டேன். மூன்று விதத் தோட்டாக்களை மாற்றிப் பார்த்தேன். கோதைக் கவ்வி இழுக்கிற குட்டிக் கொக்கியைக் கழற்றிப் பல் துலக்குவதுபோலத் துலக்கினேன். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் பிறகு, வீட்டில் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மருந்தில்லாத போலித் தோட்டாக்களைப் போட்டு ஸ்லைடைக் கையால் இழுத்துச் சோதிப்பேன். இருபதுக்கு இருபதும் துள்ளிப் போய் சோபாவில் விழும். திருப்தியோடு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்துப் பெட்டியை மூடுவேன். சனிக்கிழமை விடிந்தால் மறுபடியும் புகைபோக்கி.

என் மூளை துப்பறியத் தொடங்கியது. வீட்டில் வேலை செய்கிறது. கிளப்பில் செய்யவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரேயொரு டிக்கி.

ஒரு சனிக்கிழமை காலை, மனைவியின் சீப்பிலிருந்து ஒரு மயிரை எடுத்து, எச்சில் தொட்டுப் பெட்டி மூடியின் குறுக்கே ஒட்டினேன். பெட்டியை யாராவது தொட்டால் காட்டிக் கொடுத்துவிடும்.

"என்ர தலைமயிரை என்னத்துக்கு எடுக்கிறியள்?"

"ஒரு பரிசோதனை."

"விசர் முத்திப்போச்சு" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார். குளிர்காலக் காலைகளில் வழக்கமாகச் செய்வதுதான்: உறைந்து கட்டியாகிப் போன தேங்காய் எண்ணெய்ப் போத்தலைச் சுடுதண்ணீரில் நிறுத்தி இளக வைப்பது. நான் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. மூளைதான் டிக்கிக்குள் இருந்தது.

கிளப்பில் டிக்கியைத் திறந்தபோது மயிர் இல்லை.

அன்று முப்பது தோட்டாவில் ஆறு சிக்கின. நேரே கிளப் கேப்டனிடம் போனேன். ஓய்வுபெற்ற தச்சர், ஆறடி உயரம், பேச்சில் மட்டும் குள்ளம். என் பிஸ்டலில் யாரோ கைவைக்கிறார்கள் என்றேன். யார் என்று கேட்டார். நான் பெயர் சொல்லவில்லை. மூன்றாவது சுடும் தடத்தில் நின்றவர் பக்கம் கண்ணை மட்டும் திருப்பினேன். வாயால் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

இன்னொருவர் பிஸ்டலை அனுமதியில்லாமல் தொட்டவருக்கு இங்கே இடமில்லை என்றார் கேப்டன். உண்மையானால் இன்றே வெளியே. அப்படியானால் சிபாரிசு இல்லை, அனுமதி இல்லை, நவம்பரும் இல்லை. திருப்பிய கண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ள வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சென்னைக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்.

கேப்டன் கேட்டதைக் கேட்டு, அவர் என்னைத்தான் பார்த்தார். "காலைல டிக்கிக்குள்ள மழை ஒழுகியிருந்துச்சு அண்ணா. உங்க பெட்டி நனைஞ்சிடும்னு துண்டால துடைச்சேன். அவ்வளவுதான். திறக்கவே இல்ல." பிறகு அதையே ஆங்கிலத்தில் கேப்டனுக்குச் சொன்னார்.

கேப்டன் என் மகசினை வெறுமையாக்கி, தோட்டாவை மேலே தள்ளுகிற தகட்டை விரலால் அழுத்தி விட்டார். அது சட்டென்று எகிற வேண்டும். திங்கட்கிழமை காலையில் எழும்புகிற என்னைப் போல மெல்ல மெல்ல எழும்பியது. நகத்தால் சுரண்டினார். மெழுகுதிரி மாதிரி வெள்ளையாக வந்தது. கொக்கிக்கு அடியிலும் அதே வெள்ளை. முகர்ந்து பார்த்தும் பிடிபடாமல் சென்னைக்காரரிடம் நீட்டினார்.

"இது தேங்கா எண்ணெ ஆச்சே! அண்ணா, தலைக்குத் தேய்ச்ச கையோட தொட்டீங்களா?"

நான் தொப்பியைக் கழற்றிக் காட்டினேன். இருபத்தெட்டு வயதிலிருந்து அங்கே தேய்ப்பதற்கு ஒன்றும் கிடையாது.

கதை இவ்வளவுதான். ஏப்ரல் கடைசியில், பிஸ்டலுக்கு நான் விடுகிற தையல் மெஷின் எண்ணெய் தீர்ந்துபோனது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கதவுக் கீலுக்கும் சைக்கிள் செயினுக்கும் தேங்காய் எண்ணெய்தான் விட்டோம், பிஸ்டல் என்ன அதைவிடப் பெரிய ஆளா என்று மனைவியின் போத்தலிலிருந்து அவ்வப்போது ஒரு குப்பிக்குள் ஊற்றிக்கொண்டேன். குப்பி இருந்தது ஹீட்டருக்கு மேலே இருந்த தட்டில். எப்போதும் தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. கிளப்பின் குளிரில் அது என்ன ஆகும் என்று பிஸ்டலுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

கேப்டன் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, தன் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டுப் பத்துத் தோட்டா சுட்டார். பத்துக் கோதும் சீமெந்துத் தரையில் துள்ளி விழுந்தன. சென்னைக்காரரின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். வேறு யார் மேலாவது முறைப்பாடு உண்டா என்று என்னிடம் கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

திரும்பும்போதும் அவர் காரில்தான் வந்தேன். மற்ற நாட்களில் கிரிக்கெட்டிலிருந்து மார்ட்கேஜ் வரை பேசுகிறவர், வாசலில் நிறுத்தி, "சார், உங்க வீடு" என்றார். இரண்டு மாதத்து அண்ணாவை ஒரே நாளில் சார் ஆக்கிக்கொண்டு நான் இறங்கினேன்.

மனைவியிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால் திகைத்துப்போய் நின்றார். "எண்ணெய் குறைஞ்சு குறைஞ்சு போகேக்க, வந்து நிண்ட உங்கட தங்கச்சியையெல்லோ நான் சந்தேகப்பட்டனான்!"

அடுத்த சனிக்கிழமை, வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் பெட்டியோடு கேற்றடியில் நின்றேன். மன்னிப்பு உரை ஒன்றைக் கிழமை முழுவதும் பாடமாக்கியிருந்தேன். வழக்கமான நேரம் கடந்து பத்து நிமிடம் ஆனது. வீட்டுக்குள் திரும்பலாம் என்று நினைத்தபோது வெள்ளைக் கார் வந்து நின்றது. அவர் இறங்கி டிக்கியைத் திறந்தார். பெட்டியை வாங்கக் கை நீட்டவில்லை. நான் உரையைத் தொடங்கினேன்: என் குறுகிய புத்தி, தேங்காய் எண்ணெயின் குணம், மனைவியின் மயிர், அந்த ஒரு கண் பார்வை, எதையும் விடவில்லை. கடைசிவரை கேட்டார். பிறகு டிக்கிச் சாவியை என் கையில் போட்டார்.

"டிக்கிய இனிமே நீங்களே பூட்டுங்க அண்ணா."